‘நிலம்’ என்று எழுதியிருந்த 22 சென்ட்

திருப்பூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் தீபாவளிக்கு முன்பு தொலைபேசியில் அழைத்தான். “மாமா, கையில் 12 லட்சம் சேர்ந்திருக்கிறது. ஊரில் ஏதாவது தொழிலில் போடலாம் என்று பார்க்கிறேன். எதில் போட்டால் நன்றாக இருக்கும்?” மாதம் ஒருவராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். செக்கு ஓடுகிறது, வாசலில் பலகை தொங்குகிறது என்பதால் நான் முதலாளி ஆகிவிட்டேன் என்று உறவுக்குள் ஒரு பேச்சு. வங்கிக்கு நான் கட்ட வேண்டிய தவணை அவர்களுக்குத் தெரியாது. போனில் அவனிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இது.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, வேலந்தாவளம் போகும் பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கேரளம்தான், ஆனால் வீட்டிலும் சந்தையிலும் தமிழ். பாலக்காட்டு மழை எங்களிடம் வந்து சேர்வதற்குள் களைத்துப்போய்விடும். ஆளியாறு தண்ணீர் மூலத்தறை தடுப்பணை வழியாக வர வேண்டும். நாங்கள் வாய்க்காலின் கடைமடை. அப்பா அந்த வயலில் நெல் போட்டுப் போட்டு நொந்து, 1990களின் நடுவில் தென்னங்கன்று வைத்துவிட்டார்.

கோவையில் லேத் பட்டறையில் 17 வருடம் இருந்தேன். 2021இல் கிளம்பி வந்தபோது ஆளுக்கொரு யோசனை வந்தது. ஆட்டுப் பண்ணை, காளான், நாட்டுக்கோழி. ‘நீங்கள் பணம் போட்டால் போதும், குஞ்சும் தீவனமும் நாங்கள் தருகிறோம், வளர்ந்ததும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம்’ என்று ஒருவர் பைக்கில் வந்து பளபளக்கும் அட்டையை நீட்டினார். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டு இழந்தவர்கள் கதை எங்கள் உறவிலேயே இரண்டு வீட்டில் இருக்கிறது. அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினேன். இன்னொருவர் போர் போட்டுத் தண்ணீரை பாட்டிலில் அடைக்கலாம் என்றார். பிளாச்சிமடை எங்களுக்குக் கூப்பிடு தூரம். 2004இல் அங்கே நிலத்தடி நீருக்கான போராட்டத்தால் குளிர்பான ஆலை மூடப்பட்ட பிறகு, தண்ணீரை எடுத்து விற்கும் யோசனையை இந்தத் தாலுகாவில் சத்தமாகச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

எனக்குத் தெரிந்தது இயந்திரம். ஊரில் இருப்பது தேங்காய். ஆகவே மரச்செக்கு. இந்த முடிவுக்கு வர இரண்டு நாள்தான் ஆனது. செக்கு சுற்ற இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது.

இடம் பற்றி எனக்குக் கவலையே இருக்கவில்லை. அம்மா பெயரில் சாலையை ஒட்டி 22 சென்ட் தனியாக இருந்தது. கரம், அதாவது நிலவரி, ஒழுங்காக அடைத்த ரசீது, வில்லேஜ் ஏட்டில் அம்மா கணக்கின் தண்டப்பேர் எண், எல்லாம் கையில். அதை எடுத்துக்கொண்டு வில்லேஜ் ஆபீசுக்குப் போனேன். உதவியாளர் ரசீதைப் பார்த்துவிட்டு விரலால் ஓர் இடத்தைத் தொட்டார்.

“சேட்டா, இது நிலம்.”

“ஆமாம், நிலம்தான்.”

“நிலத்தில் கட்டிடம் வராது.”

“வேறு எதில் வரும், ஆகாயத்திலா?”

அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்று அப்புறம்தான் புரிந்தது. தமிழில் நிலம் என்றால் மண் உள்ள எல்லாம் நிலம். கேரள வருவாய்ப் பதிவேட்டில் நிலம் என்றால் நெல்வயல், வேறொன்றும் இல்லை. வீடோ கடையோ கட்டத் தகுந்தது ‘புரயிடம்’. எல்லைக்கு அந்தப் பக்கம் நஞ்சை, புஞ்சை என்று எழுதியிருப்பார்கள், நமக்குச் சட்டென்று பிடிபடும். இங்கே வாழ்நாளெல்லாம் பேசிய சொல்லே காலை வாரிவிட்டது. தென்னை காய்த்துக் குலுங்கினாலும் ஏட்டில் அது இன்னும் நெல்வயல்தான். 2008இல் வந்த நெல்வயல், நீர்த்தடப் பாதுகாப்புச் சட்டம் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் இந்தப் பக்கம் ஒரு வயல்கூட மிஞ்சியிருக்காது.

அடுத்த இடி, பஞ்சாயத்தின் ‘டேட்டா பேங்க்’. நெல்வயல் என்று குறித்து வைத்திருக்கும் பட்டியல் அது. எங்கள் 22 சென்ட் அதிலும் இருந்தது. இருந்தால் முதலில் படிவம் 5 கொடுத்துப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும், அதன் பிறகு படிவம் 6 கொடுத்துத் தரம் மாற்ற வேண்டும். அப்போது இரண்டும் கோட்ட வருவாய் அலுவலருக்கு. பட்டியலில் இல்லாமல் ஏட்டில் மட்டும் நிலம் என்று இருந்தால் படிவம் 6 போதும். இந்த வித்தியாசம் தெரியாமல் நேராகப் படிவம் 6 போட்டு ஐந்து மாதம் காத்திருந்தேன். அது திரும்பி வந்தது. இது யார் தவறும் அல்ல, என்னுடையதுதான்.

படிவம் 5 போட்டால் கிருஷி பவன், அதாவது வேளாண்மை அலுவலகத்தின், அலுவலர் வந்து பார்ப்பார். 2008க்கு முன்பே இது வயலாக இல்லை என்று காட்ட வேண்டும். வந்தவர் சின்ன வயதுப் பெண். குடையை மடக்கிவிட்டு ஒரு மரத்தடியில் நின்று, தண்டில் மட்டை விழுந்த தழும்புகளைக் கீழிருந்து மேலாக விரலால் தடவி எண்ண ஆரம்பித்தார். தென்னை மாதம் ஒரு மட்டை விடும் என்பது கணக்கு. வருடத்துக்கு ஏறக்குறைய 12 தழும்பு. கைக்கு எட்டும் உயரம் வரை எண்ணி, மீதியை அண்ணாந்து கண்ணால் அளந்தார். “இருபத்தைந்துக்குக் குறையாது, இல்லையா அம்மா?” என்று என் அம்மாவிடம் கேட்டார். அம்மா, “இவனுடைய தங்கை பெரிய மனுஷியான வருஷம் வைத்தது” என்றார். அதை அவர் அறிக்கையில் எழுதினாரா தெரியாது. கூடவே திருவனந்தபுரத்தில் உள்ள மாநிலத் தொலையுணர்வு மையத்திலிருந்து செயற்கைக்கோள் படத்தின் அறிக்கையும் போனது. மேலிருந்து எடுத்த படமும் தழும்புக் கணக்கும் ஒத்துப்போயின.

மனுவைத் தமிழில்தான் எழுதிக் கொடுத்தேன். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் தமிழில் எழுதலாம் என்று கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். பதில் மலையாளத்தில் வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் படித்துச் சொன்னான்.

2023 ஆகஸ்டில் தரம் மாற்ற உத்தரவு கைக்கு வந்தது. 25 சென்ட்டுக்கு உட்பட்டது என்பதால் மாற்றக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் இருந்திருந்தால் அரசு குறித்த நியாய விலையில் பத்தில் ஒரு பங்கு கட்ட வேண்டியிருக்கும். இதற்குள் பொறுமை இழந்து ஒரு முறை குறுக்குவழி பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சிறுதொழில் தொடங்க மூன்று வருடம் எந்த உரிமமும் கேட்காத ‘கே ஸ்விஃப்ட்’ சான்றிதழ் இருக்கிறதே, அதை வாங்கிக் கொட்டகை போட்டுவிடலாமா என்று. பஞ்சாயத்தில் தொழில்துறை நியமித்திருந்த இளைஞன்தான் தடுத்தான். அந்தச் சான்றிதழ் மற்றவற்றுக்கு நல்லது, நெல்வயல் சட்டத்துக்கு முன்னால் செல்லாது என்றான். உண்மை. அன்று அவன் சொல்லாமல் இருந்திருந்தால் கொட்டகையை நானே பிரித்திருப்பேன்.

மற்ற காகிதங்கள் வேகமாக நடந்தன. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு ஆதார் எண்ணை வைத்து இலவசமாகச் செய்யலாம். அதற்குப் பணம் கேட்கும் கடைகளைத் தாண்டிப் போங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு, வருட விற்பனை 12 லட்சத்துக்குள் என்பதால், அப்போது ஆண்டுக்கு 100 ரூபாய்தான்.

கடன்தான் இரண்டாவது மலை. சிறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டம் 2020இல் வந்தது. நான் விண்ணப்பித்தபோது திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம், அதிகபட்சம் 10 லட்சம், நாம் போட வேண்டியது குறைந்தது 10 சதவீதம். கேட்க இனிக்கும். மூன்று விஷயம் யாரும் முதலில் சொல்லவில்லை. இட மதிப்பைத் திட்டச் செலவில் சேர்க்க முடியாது. கட்டிடம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மானியம் நம் கைக்கு வராது. வங்கியிலேயே தனிக் கணக்கில் கிடந்து, மூன்று வருடம் கடன் கெடாமல் இருந்தால்தான் கடனில் கழியும். என் திட்டம் 9,60,000 ரூபாய். மானியம் 3,36,000. முதலில் போன வங்கி, சொந்தப் பங்காக 25 சதவீதம் கேட்டது. தேங்காய் எண்ணெய்க்கு ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றும் மேலாளர் சொன்னார். இரண்டாவது வங்கியில் 10 சதவீதத்துக்கே ஒத்துக்கொண்டார்கள். விண்ணப்பம் எழுத உதவும் மாவட்ட ஆள் ஒருவர் இந்தத் திட்டத்தில் இருப்பார். அவருக்கு அரசு கொடுக்கிறது, நாம் கொடுக்க வேண்டியதில்லை.

2024 மார்ச்சில் இரண்டு செக்கு வந்து இறங்கின. வாகை மர உரல், ஒரு நடைக்கு 20 கிலோ. முதல் மாதமே சறுக்கினேன். இயந்திரம் தெரிந்தவனுக்குக் கொப்பரை தெரியவில்லை. நான்கு நாள் காய்ந்ததை ஆட்டிவிட்டேன். எண்ணெய் மங்கலாக இறங்கியது. தெளியும் என்று நினைத்துப் புட்டியில் அடைத்து 60 லிட்டர் கொடுத்தேன். மூன்றாவது வாரம் காறல் வாடை என்று எல்லாம் திரும்பி வந்தது. கொப்பரையில் ஈரம் 6 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அம்மாவிடம் அதற்கு மீட்டர் வேண்டாம். ஒரு துண்டை எடுத்துக் காதருகே வைத்து ஒடிப்பார். ‘டக்’ என்று சத்தம் வந்தால் ஆட்டலாம், வளைந்து ஒடிந்தால் திரும்பக் களத்துக்கு. இப்போது நன்றாகக் காய்ந்த 20 கிலோவில் 11 கிலோ எண்ணெய்க்குக் குறைவதில்லை. பிண்ணாக்கைப் பால் சங்கத்துக்காரர்கள் வாசலிலேயே அள்ளிக்கொண்டு போகிறார்கள்.

லாபம்? 2024இல் கொஞ்சம். 2025 நடுவில் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியபோது, எல்லாரும் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். எண்ணெய்க்கு முன்னால் கொப்பரை ஏறியதை அவர்கள் பார்க்கவில்லை. ரொக்கம் வைத்திருந்த வியாபாரி மூட்டை மூட்டையாக இருப்பு வைத்தான். என்னிடம் இரண்டு நாளுக்கு மேல் வாங்கக் காசு இல்லை. ஒரு செக்கு பதினொரு நாள் நின்றது. அப்போதுதான் கூலிக்கு ஆட்டிக் கொடுக்க ஆரம்பித்தேன். அவரவர் கொப்பரையை அவரவர் கொண்டுவந்து, கண்ணெதிரே ஆட்டி வாங்கிப் போகிறார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. சரக்கில் என் பணம் முடங்குவதில்லை. தவணை அதில்தான் போகிறது. இதை முதலிலேயே செய்திருந்தால் கடனில் பாதி தேவைப்பட்டிருக்காது. சாலையோரம் மூடிக் கிடந்த பழைய அரிசி ஆலை ஒன்று வாடகைக்கு வந்ததையும் அன்று வேண்டாம் என்றேன். சொந்த இடம் இருக்கும்போது வாடகை எதற்கு என்ற வீம்பு.

அக்கா மகனிடம், தொழில் எது என்பது இருக்கட்டும், முதலில் உன் அப்பா கரம் அடைத்த ரசீதைப் படம் எடுத்து அனுப்பு என்றேன். போன வாரம் அனுப்பினான். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். 31 சென்ட். பக்கத்தில், நிலம்.

அரிசி ஆலைக்காரரின் எண் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன்.