மூன்று ரூட்டுகளும் ஒரு எழுத்தும்

எங்கள் நிறுவனத்திடம் சொந்தமாக இருந்தது மூன்றே மூன்று ஐபி பிளாக்குகள், அதாவது இணைய முகவரித் தொகுதிகள். இரண்டாவது அப்ஸ்ட்ரீம் (நமக்கு இணைய இணைப்பு தரும் நிறுவனம்) எடுத்தபோது அவர்கள் ரவுட்டரோடு பிஜிபி செஷன் (எந்த முகவரிக்கு எந்த வழி என்று ரவுட்டர்கள் சொல்லிக்கொள்ளும் தொடர்பு) கட்டும் வேலை என் தலையில் விழுந்தது. இருவரிடமிருந்தும் உலகத்து ரூட்டுகள் முழுக்க வரும். நாம் இருவருக்கும் சொல்ல வேண்டியது நம் மூன்றை மட்டும். ஒருவரிடம் கேட்டதை இன்னொருவரிடம் அப்படியே ஒப்பித்தால், எல்லா ஊருக்கும் நம் வழியாகவே போகலாம் என்று அவர் ரவுட்டர் நம்பிவிடும். அப்புறம் நம் சின்ன லிங்க் தாங்குமா?

எந்த பிளாக்குகளை வெளியே சொல்லலாம் என்று காட்டும் பிரிஃபிக்ஸ் லிஸ்ட்டை மூன்று வரியில் எழுதினேன். மற்றதெல்லாம் கூடாது என்று கடைசியில் எழுத வேண்டியதில்லை, ரவுட்டரே அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். இரவு இரண்டு மணிக்கு செஷனை எழுப்பினேன். எழுந்த வேகத்தில் விழுந்தது. உடனே அவர்களிடமிருந்து போன்.

"என்ன சார், மூணு ரூட்னு சொல்லிட்டு மொத்த இன்டர்நெட்டையும் அனுப்புறீங்க?"

லிஸ்ட்டை செஷனில் கட்டும்போது அதன் பெயரில் ஒரு எழுத்தைத் தவறவிட்டிருந்தேன். அந்தப் பெயரில் லிஸ்ட்டே கிடையாது. இல்லாத லிஸ்ட்டைக் காட்டினால் எங்கள் ரவுட்டர் எல்லாவற்றையும் வெளியே விட்டுவிடும். ஒரு வரி இருந்தால் மற்றதெல்லாம் தடை, ஒன்றுமே இல்லாவிட்டால் கதவு அகலத் திறப்பு! இதை யார் யோசித்தார்களோ, எனக்கு இன்றும் எரிச்சல்தான்.

காப்பாற்றியது அவர்கள் எங்களுக்கு வைத்திருந்த 50 ரூட் வரம்பு. அதைத் தாண்டியதும் செஷன் தானாக அறுந்தது.

2008 பிப்ரவரி 24 அன்று அப்படி யாரும் தடுக்கவில்லை. யூடியூபை உள்நாட்டில் முடக்க பாகிஸ்தான் டெலிகாம் போட்ட /24 ரூட் வெளியே கசிந்தது. அவர்களுடைய அப்ஸ்ட்ரீமான பிசிசிடபிள்யூ நிறுவனம் அதை வடிகட்டாமல் உலகுக்குச் சொன்னது. யூடியூப் அறிவித்திருந்தது /22 (எண் சிறிதானால் பிளாக் பெரிது). குறுகிய பிளாக்கைத்தான் ரவுட்டர்கள் நம்பும் என்பதால், சுமார் இரண்டு மணி நேரம் பல நாடுகளில் யூடியூப் கிடைக்கவில்லை. வரம்பு எண் ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஆனால் அது பக்கத்து வீட்டுக்காரர் போட வேண்டிய தாழ்ப்பாள். என் வாசலுக்கு அவரை நம்பியிருந்தது என் தப்பு.

இப்போதெல்லாம் லிஸ்ட்டின் பெயரை நான் கையால் அடிப்பதில்லை, காப்பி செய்து ஒட்டுகிறேன். கூடவே இன்னொரு ஃபில்டர்: ஏஎஸ் பாத் (ரூட் கடந்து வந்த நெட்வொர்க்குகளின் வரிசை) காலியாக இருக்கும் ரூட், அதாவது எங்களிடமே பிறந்தது மட்டும்தான் வெளியே போகும். செஷன் எழுந்ததும் அனுப்பியவற்றை எண்ணுவேன். மூன்று என்று வந்த பிறகுதான் டீ.