மகஜரில் தொடங்கும் வழக்கு

வன உயிரினக் குற்ற வழக்கில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், விடுதலையானால், சட்டத்துக்குப் பல் இல்லை என்பார்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பல் நன்றாகவே இருக்கிறது. அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில், உள்ள விலங்கு சம்பந்தப்பட்டிருந்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதமும் 25,000 ரூபாய்க்குக் குறையாது. வழக்கு கரைவது வேறு இடத்தில்: பொருளைக் கைப்பற்றிய முதல் சில மணி நேரத்தில் எழுதுகிற தாள்களில்.

கைப்பற்றுதல் மகஜரை, அதாவது சாட்சிகள் முன்னிலையில் பொருளைக் கைப்பற்றியதை எழுதும் பதிவை, எடுத்துக்கொள்வோம். ‘நட்சத்திர ஆமைகள் ஒரு பை’ என்று எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பாதி வேலை முடிந்தது. எண்ணிக்கை, உயிருள்ளவை எத்தனை, இறந்தவை எத்தனை, ஒவ்வொன்றின் எடை, ஓட்டின் நீளம் எல்லாம் வேண்டும். ஒவ்வோர் ஆமையின் ஓட்டுக் கோலமும் வேறு. எண் அட்டையும் அளவுகோலும் பக்கத்தில் வைத்து மேல் ஓட்டையும் அடி ஓட்டையும் படமெடுத்தால் அதுவே அடையாளம். கால்களை உள்ளே தள்ளி டேப் சுற்றிக் கடத்துவதால் நீர்ச்சத்து வற்றிப்போய், பிடிபட்ட பிறகும் சில சாகும். அப்போது கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனை அறிக்கையோடு எண்ணிக்கைக் குறைவைக் கோப்பில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் மகஜரில் ஓர் எண், நீதிமன்றத்தில் வேறோர் எண். உயிருள்ளவற்றைப் பிடிபட்ட இடத்துக்கு அருகே உள்ள காட்டில் விட்டுவிடலாம் என்று தோன்றும். கூடாது. கூட்டமாக அடைபட்டதில் நோய் தொற்றியிருக்கலாம். எந்தப் பகுதியிலிருந்து பிடித்து வந்தவை என்பதும் தெரியாது. நீதிமன்ற உத்தரவு வரும்வரை அவற்றைத் தனியே வைத்துப் பராமரிப்பதே சரி.

கடலடியில் வாழும் மெல்லுடல் உயிரினமான கடல் அட்டையில் எடைதான் வம்பு. 2001இல் பாதுகாப்புப் பட்டியலுக்குள் வந்ததிலிருந்து ராமநாதபுரம் கரையில் இது ஓயாத வேலை. அட்டையைக் குடல் நீக்கி, அவித்து, காயவைத்துத்தான் கடத்துகிறார்கள். அரைகுறையாகக் காய்ந்த சரக்கு கிடங்கில் இருக்க இருக்க இன்னும் வற்றும். ‘இவ்வளவு கிலோ’ என்று மட்டும் மகஜரில் இருந்தால், சில மாதம் கழித்து எடை குறைந்து நிற்கும். மீதி எங்கே என்ற கேள்வி அதிகாரி மேல் திரும்பும். பச்சையா, அவித்ததா, காய்ந்ததா என்பதை எடையோடு சேர்த்து எழுதுவது ஒரே ஒரு வரி. அந்த வரி விடுபட்ட மகஜர்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

மரபணுச் சோதனைக்கு மாதிரி எடுப்பதில் நேரும் பெரிய பிழை, உடல் அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவம். பிணவறைப் பழக்கத்தில் கறித்துண்டை அதில் போட்டுவிடுவார்கள். அது மரபணுவைச் சிதைத்துவிடும். அடர்ந்த எத்தனாலில் (ஆல்கஹாலில்) சிறு துண்டாகப் போட வேண்டும், துண்டு பெரிதானால் உள்ளே ஊறாது. சீட்டைப் பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை எத்தனாலில் கரைந்து, எது எந்த மாதிரி என்பதே தெரியாமல் போகும். சமைத்த கறி என்றாலும் விட்டுவிடத் தேவையில்லை, பல நேரம் இனம் தெரியவருகிறது. மாதிரி இரண்டு செட், அரக்கு முத்திரை, அதே முத்திரையின் பதிவு ஒரு தாளில் தனியே. ஆய்வகத்தில் உறையைப் பிரிப்பவர் ஒப்பிட்டுப் பார்ப்பது இந்தப் பதிவைத்தான்.

தந்தத்துக்கு முதல்கட்டச் சோதனை களத்திலேயே முடியும். குறுக்குவெட்டில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். இன்றைய யானைத் தந்தத்தின் வெளிப்பகுதியில் அந்தக் கோணம் 115 பாகைக்கு மேல். அழிந்துபோன யானை இனமான மாமூத் என்றால் 90க்குக் கீழ். பிளாஸ்டிக்கிலும் மாட்டெலும்பிலும் இந்தக் கோடுகளே இல்லை. புலிநகம் என்று விற்பதில் மாட்டுக் குளம்பைச் சீவியதும் கலந்திருக்கும், அதனால் ஆய்வக அறிக்கை வரும்முன் ‘புலிநகம்’ என்று அறுதியிட்டு எழுதாமல் ‘புலிநகம் போன்ற பொருள்’ என்று எழுதுவதே பத்திரம்.

இனி, வழக்கை யார் தாக்கல் செய்வது. சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத போலீஸ் அதிகாரி 50ஆம் பிரிவின்கீழ் சோதனை போடலாம், கைப்பற்றலாம். ஆனால் 55ஆம் பிரிவுப்படி நீதிமன்றம் வழக்கை ஏற்பது அதிகாரம் பெற்ற அதிகாரியின் புகார் மனுவின் பேரில்தான். ஸ்டேஷனில் எப்.ஐ.ஆர். போட்டு, அங்கேயே குற்றப்பத்திரிகையும் தயாராகி, வனத்துறைக்குத் தகவலே போகாத கோப்பு இந்தப் படியிலேயே விழுந்துவிடும். அதே பிரிவில் பலர் கவனிக்காத இன்னொரு வாசலும் உண்டு: அறுபது நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் புகார் மனு தாக்கல் செய்யலாம்.

வாக்குமூலத்தை யார், எப்படிப் பதிவு செய்கிறார் என்பதும் இப்படித்தான் முக்கியம். அதிகாரம் பெற்ற உதவி வனப் பாதுகாவலர் 50(8)இன்கீழ் பதிவு செய்யும் சாட்சியம் விசாரணையில் செல்லும். ஒரு நிபந்தனை, அது எதிரியின் முன்னிலையில் பதிவாகியிருக்க வேண்டும். சாட்சி தனியறையில் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கினால் இந்தப் பிரிவு கைகொடுக்காது.

தேதியும் கவனம். மேலே சொன்ன 2022 திருத்தச் சட்டம் அமலுக்கு வந்தது 2023 ஏப்ரல் 1. நட்சத்திர ஆமை அதற்கு முன் நான்காம் அட்டவணையில் இருந்தது, இப்போது முதல் அட்டவணை. குற்றம் நடந்த நாளில் இருந்த அட்டவணைதான் பொருந்தும். பழைய வழக்கில் புதிய தண்டனையைக் கேட்டு மனு எழுதினால் ஜாமீன் வாதத்திலேயே அடிபடும்.

சோதனையைச் செல்போனில் ஒளிப்பதிவு செய்வது இப்போது வழக்கமாகிவிட்டது. காணொளி மட்டும் போதாது, புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழும் அதில் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்-எழுத்துக் குறியீடு) வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் சுருங்கிவிடும். அதன் ஹேஷும் மூலத்தோடு ஒத்துப்போகாது. எடுத்த போனிலிருந்தே நகலெடுக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வழக்கு இழுப்பதற்குக் காரணம் நடைமுறை. புகார் மனுவில் தொடங்கும் வழக்கு என்பதால், நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைவதற்கு (வகுப்பதற்கு) முன்பே அரசுத் தரப்பு சாட்சிகள் ஒருமுறை கூண்டேற வேண்டும். வனைந்த பிறகு குறுக்கு விசாரணைக்கு மீண்டும் வர வேண்டும். அதற்குள் வனவர் மாறுதலில் வேறு கோட்டத்துக்குப் போயிருப்பார், வனக் காப்பாளர் ஓய்வு பெற்றிருப்பார், மகஜர் சாட்சி திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பார். அதனால் கோப்பின் முதல் பக்கத்தில் ஒவ்வொரு சாட்சியின் நிரந்தர முகவரியும், இரண்டு தொலைபேசி எண்ணும், ஓய்வு பெறும் தேதியும் எழுதி, மாறுதல் உத்தரவு வரும்போதெல்லாம் திருத்திவைக்கும் வனச் சரகங்கள் உண்டு. அங்கே சம்மன் திரும்பி வருவது குறைவு.