மாமாநேட்டலி கட்டிய வாரம்

ஜூலை 8, செவ்வாய்

மூன்றாம் வருட நர்சிங் பிள்ளைகளுக்கு இந்த வாரம் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு. கண் சிமிட்டி மூச்சுவிடும் மேனிகின், அதாவது ஆளுயர பயிற்சிப் பொம்மை, ஒன்று லேபில் இருக்கிறது. இன்ஸ்பெக்‌ஷன் வந்தால்தான் உறையைக் கழற்றுவோம். நான் எடுத்தது மாமாநேட்டலி. வயிற்றில் கட்டிக்கொண்டு ஒருவர் படுத்தால் அவர்தான் தாய். கருப்பையை இறுக்குவது, தளரவிடுவது, ரத்தத்தைத் திறந்துவிடுவது எல்லாம் அவர் கையில். 1960-ல் உயிர்காப்புப் பயிற்சிக்கான ரெசுசி ஆன் பொம்மையைக் கொண்டுவந்த நார்வே லேர்டால் கம்பெனியின் தயாரிப்பு.

ஜூலை 10, வியாழன்

நானே கட்டிக்கொண்டு படுத்தேன். குழந்தை வந்தது, கருப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட்டை மாணவி ஒருத்தி தொடையில் போட்டாள், நஞ்சுக்கொடியும் முழுசாக வந்தது. கருப்பையைத் தளரவிட்டு ரத்தத்தைத் திறந்தேன். அடிவயிற்றில் கை வைத்துச் சரியாகத்தான் தேய்த்தாள். வாய்தான் திறக்கவில்லை.

"சிஸ்டர், தலை சுத்துது" என்றேன்.

"ஒண்ணுமில்ல மேம்" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஷீட் நனைந்து தரையில் சொட்டும்வரை டாக்டரைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

பயிற்சி முடிந்து உட்கார்ந்து அலசும் டீப்ரீஃபிங்தான் நீண்டது. ரத்தம் 500 மில்லி தாண்டினால் சொல்ல வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அப்புறம் ஏன் சொல்லவில்லை? கடைசியில் ஒருத்தி சொன்னாள்: "சும்மா எதுக்குக் கூப்பிட்டேன்னு திட்டுவாங்க மேம்."

இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத காரணம். மேனிகினிடம் நூறு முறை ஊசி போட்டாலும் வெளியே வந்திருக்காது.

ஜூலை 11, வெள்ளி

இடுப்புக்கடியில் ரத்தத்தைப் பிடித்து அளக்க அளவு போட்ட பை விரித்தோம். 2023-ல் வந்த இ-மோட்டிவ் ஆய்வில், இந்தப் பையோடு சிகிச்சையையும் ஒரே தொகுப்பாகத் தந்த ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் 93 சதவீத ரத்தப்போக்கைக் கண்டுபிடித்தார்கள். வழக்கப்படி பார்த்த இடங்களில் 51. கையில் எண் இருந்தால் பயந்த பிள்ளைக்கும் கொஞ்சம் தைரியம் வரும்.

ஜூலை 15, செவ்வாய்

இன்று போனும் சேர்ந்தது. பக்கத்து அறையில் சக டியூட்டர்தான் டாக்டர். மாணவி ஒருத்தி கூப்பிட்டாள்.

"சார், லேபர் ரூம். டெலிவரி ஆகி 20 நிமிஷம், 700 மில்லி போயிருக்கு. பல்ஸ் 124, பிபி 90/60. யூட்ரஸ் இறுகல."

"ரவுண்ட்ஸ்ல இருக்கேன். மசாஜ் பண்ணிட்டு இரு."

எச்சில் விழுங்கினாள். "பண்ணிட்டுதான் இருக்கோம் சார். நீங்க இப்பவே வரணும்."

அவர் உடனே சரி என்று சொல்லிவிட்டார். அவ்வளவு நல்ல டாக்டராக நடிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த பேட்சுக்குப் போனை ஒருமுறை பாதியில் வைக்க வேண்டும்.