கவிழ்த்து வைத்த போன்

எங்கள் வீட்டுப் பெண் பத்து நாளாகப் போனைக் கவிழ்த்தே வைத்திருந்தாள். டிங் என்று சத்தம் வந்தால் தோள் ஒரு தடவை குலுங்கும், அவ்வளவுதான், எடுக்க மாட்டாள். படிப்பில் கவனம் வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன் பாருங்கள், நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. விஷயம் என்னவென்றால், அவள் கொட்டாவி விடும்போது யாரோ எடுத்த படத்தை ஸ்டிக்கராக்கி, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எதற்கெடுத்தாலும் அதையே போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நாங்கள் படித்த காலத்திலும் பட்டப்பெயர் வைத்தார்கள், அழவும் வைத்தார்கள். ஆனால் மணி அடித்ததும் வீட்டுக்கு வந்துவிடலாம். இவளுக்கு அது தலையணைக்கடியிலேயே வந்து படுத்துக்கொள்கிறது. தூக்கம் போச்சு, காலையில் வயிற்றுவலி, அப்புறம் பள்ளிக்கே போகமாட்டேன் என்ற அழுகை. உலகம் முழுக்க ஏறக்குறைய மூன்றில் ஒரு மாணவர், கடந்த ஒரே மாதத்தில் ஒருமுறையாவது சக மாணவர்களிடம் சீண்டப்பட்டிருக்கிறார் என்று யுனெஸ்கோ 2019-இல் சொன்னது.

தயவுசெய்து 'சும்மா விளையாட்டுக்குத்தானே' என்று மட்டும் சொல்லாதீர்கள். போனைப் பிடுங்கவும் வேண்டாம். பிடுங்கிவிடுவோம் என்ற பயத்தில்தான் அவள் வாயே திறக்கவில்லை. ஸ்கிரீன்ஷாட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு வகுப்பு ஆசிரியரிடம் போனோம். குழுவில் 40 பேர், ஒருத்தர்கூட 'போதும் விடுங்கடா' என்று எழுதவில்லை. ஸ்டிக்கரைவிட அதுதான் அவளுக்கு வலித்ததாம்.