கீழே இறங்கிப்போன பீம்

பிரான்சின் கிரெனோபிளில் இருக்கும் ஐ.எல்.எல். ஆய்வு அணு உலையில், என் மாதிரிகளை நியூட்ரான் கற்றையால் (பீம்) ஆராய இரண்டு நாள் பீம் டைம் கிடைத்தது. முன்மொழிவு, மாதக்கணக்கில் காத்திருப்பு, விசா அலைச்சல் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன்.

நியூட்ரானுக்கு மின்சுமை கிடையாது, எலக்ட்ரானைப் போல இழுத்து வளைக்க முடியாது. காந்தத்துக்குக் கொஞ்சம் மசியும், ஆனால் அது ஸ்பின்னை (நியூட்ரானின் உள்ளார்ந்த சுழற்சியை) திருப்பத்தான் அதிகம் உதவும். குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிந்திருப்பீர்கள், படுத்த வாக்கில் போனால்தான் தத்தும், செங்குத்தாகப் போட்டால் முழுகிவிடும். நிக்கல் பூசிய கண்ணாடியிலும் அதே கதைதான்: ஒரு ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) அலைநீளத்துக்குச் சுமார் 0.1 டிகிரிக்குள் உரசினால் திரும்பும், மீறினால் உள்ளே போய்விடும். நிக்கலையும் டைட்டானியத்தையும் மாற்றி மாற்றி அடுக்கினால் அந்தக் கோணம் சில மடங்கு கூடும். இப்படிப் பூசிய கண்ணாடியால் செய்த குழாயைக் கண்ணுக்கே தெரியாத அளவு வளைத்து வைத்தால் வேகமான நியூட்ரானும் காமாவும் நேரே போய்க் கவசத்தில் முட்டிக்கொள்ளும், மெதுவானவை மட்டும் வளைந்து வரும். மற்றபடி எல்லாம் கழித்துக்கட்டும் வேலை. சுழலும் செலக்டர் வேண்டாத வேகத்தை வடிகட்டும், காட்மியம் துளை ஓரத்தை வெட்டும்.

முதல் நாள் 6 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் ஒழுங்காகப் போனது. இரண்டாம் ராத்திரி 10-க்கு மாற்றினேன், நேரே வரும் கற்றை டிடெக்டரில் (நியூட்ரானைப் பதியும் கருவி) படாமல் மறைக்கும் பீம்ஸ்டாப்பை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டேன். இரண்டு மணிக்குத் திரையைப் பார்த்தால் நடுவில் பீம்ஸ்டாப் மறைக்கும் கறுப்பு வட்டத்துக்கு அடியில் பிறைபோல ஒரு சிவப்பு. மாதிரிதான் ஏதோ அதிசயம் காட்டுகிறது என்று ஒரு மணி நேரம் குதூகலமாக இருந்தேன், வெட்கக்கேடு. அப்புறம் காலிக் குப்பியை வைத்தாலும் அதே பிறை!

காலையில் வந்த விஞ்ஞானி திரையைப் பார்த்ததும் கேட்டார், "அலைநீளத்தை மாற்றினீர்களா?"

அலைநீளம் கூடினால் நியூட்ரானின் வேகம் குறையும். 10 ஆங்ஸ்ட்ராம் நியூட்ரானின் வேகம் நொடிக்குச் சுமார் 400 மீட்டர். கோலிமேஷனும் (இரண்டு துளைகளுக்கு நடுவே கற்றையை நேராக்கும் பகுதி) அதற்கப்பால் டிடெக்டர் வரையிலான தூரமும் சரிபாதியாகச் சேர்ந்து 40 மீட்டர், அதைக் கடக்கப் பத்தில் ஒரு நொடி. அதற்குள் கல்லைப் போட்டாலும் நியூட்ரானைப் போட்டாலும் 5 சென்டிமீட்டர் விழும். துளைகள் இரண்டும் நேர்க்கோட்டில் இருந்ததால் டிடெக்டரில் தெரியும் இறக்கம் அதில் பாதிதான், 6-ல் அது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை.

கற்றையை மங்கவைக்கும் அட்டென்யுவேட்டரைப் போட்டு மையத்தைத் தேடி, பீம்ஸ்டாப்பை 16 மில்லிமீட்டர் இறக்கினோம். பிறை போய்விட்டது. எட்டு மாதிரிகளில் ஐந்தைத்தான் முடிக்க முடிந்தது.