நீர்மட்டத்தைக் கரையிலிருந்து படிப்பவர்கள்

திருநெல்வேலிச் சீமையில் நாளிதழைப் பிரிக்கும் பலரின் கண் முதலில் போய் நிற்பது அணைகளின் நீர்மட்டக் கட்டத்தில்தான். பாபநாசத்தின் முழு உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்பதெல்லாம் இங்கே யாரும் குறித்து வைத்துப் பார்க்கும் விஷயமல்ல. கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பார்களா, பிசான சாகுபடிக்குத் தாங்குமா என்று அந்த எண்ணைப் படிப்பவர்கள் எல்லோரும் அணைக்குக் கீழே இருப்பவர்கள். அதே எண்ணை அணைக்கு மேலே, நீரின் விளிம்பில் பிழைப்பவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்ற கேள்வி, கனடாவின் வடகாடுகளில் வாழும் கிரீ மக்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கிய பிறகே எனக்கு எழுந்தது.

கிரீ மக்களின் நிலம் மேற்கே ஆல்பர்ட்டாவிலிருந்து கிழக்கே ஜேம்ஸ் விரிகுடாவைத் தாண்டி கியூபெக் வரை நீள்கிறது. பழைய பனியாறுகள் சுரண்டிவிட்டுப் போன பாறைப் பரப்பு அது. பள்ளம் கண்ட இடமெல்லாம் ஏரி. ஏரிகளுக்கு இடையே நிற்கும் அடர்ந்த ஸ்ப்ரூஸ் காடு பார்வைக்குப் பெரிதாக இருந்தாலும் அதன் உட்பகுதியில் மனிதனுக்கான உணவு குறைவு. காட்டின் செழிப்பெல்லாம் நீரும் மரமும் சந்திக்கும் விளிம்பில் இருக்கிறது. மூஸ் என்னும் பெரிய மான் கோடையில் நீர்த்தாவரம் மேய அங்கேதான் இறங்குகிறது. பீவர் என்னும் நீர்வாழ் கொறிவிலங்கு அங்கேதான் வீடு கட்டுகிறது. வசந்தத்தில் வடக்கு நோக்கிப் பறக்கும் வாத்துக்கூட்டங்கள் பனி முதலில் உருகும் கரையோரங்களைத் தேடி இறங்குகின்றன. ஆகவே கூடாரம் அடிக்கும் இடம், படகு ஏற்றும் இடம், வலை வீசும் முனை ஆகிய அனைத்தும் கரையிலேயே அமைந்தன.

இலையுதிர் காலத்தில் ஒயிட்ஃபிஷ் என்னும் மீன் முட்டையிட ஆழமற்ற பகுதிக்கு வரும்போது பெரிய மீன்பிடிப்பு நடக்கும். ஏரி உறைந்த பிறகும் வலை ஓய்வதில்லை. பனிக்கட்டியில் வரிசையாகத் துளைகள் இட்டு, நீண்ட கழியால் கயிற்றை ஒரு துளையிலிருந்து மறு துளைக்குத் தள்ளி, அந்தக் கயிற்றைக் கொண்டு வலையை அடியில் இழுத்து விரிப்பார்கள். கரையோரச் சதுப்பில் கிடைக்கும் ஸ்பாக்னம் பாசியை உலர்த்திக் குழந்தைகளுக்கு ஈரம் உறிஞ்சும் மெத்தையாக வைத்தார்கள். எனக்கு வியப்பளித்தது மற்றொரு செடி. நம் வீடுகளில் கைக்குழந்தைக்குச் சுட்டு உரைத்துக் கொடுக்கும் வசம்பின் நெருங்கிய உறவினம் ஒன்று அந்த ஏரிகளின் ஓரத்திலும் வளர்கிறது. அதன் கிழங்கைத் தொண்டைக் கரகரப்புக்கும் இருமலுக்கும் மென்று சாறு விழுங்குவது கிரீ மக்களின் வழக்கம்.

கரையைப் பயன்படுத்தியதோடு அவர்கள் நிற்கவில்லை, கரையை உருவாக்கவும் செய்தார்கள். 1970களில் ஆல்பர்ட்டாவின் வடபகுதியில் களப்பணி செய்த மானிடவியலாளர் ஹென்றி லூயிஸ், அங்கிருந்த முதியவர்களிடமிருந்து தீயிடும் முறைகளைக் கேட்டறிந்தார். வசந்தத்தின் தொடக்கத்தில் கரையோரப் புல்வெளி காய்ந்திருக்கும். காட்டுக்குள் நிழலில் இன்னும் பனி கிடக்கும். அந்தச் சில நாள் இடைவெளியில் புல்லுக்குத் தீ வைத்தால் அது காட்டின் விளிம்புவரை சென்று தானே அணைந்துவிடும். எரிந்த இடத்தில் இளம்புல்லும் வில்லோத் துளிரும் மற்ற இடங்களுக்கு முந்தி வரும். அதைத் தேடி விலங்கும் பறவையும் வரும். அரசின் தீத்தடுப்புச் சட்டம் இதைக் குற்றமாக்கிய பிறகு புல்வெளிகளைப் புதர் மூடியது. தீயை அணைப்பதே காட்டைக் காப்பது என்று நினைத்த அதிகாரிகளைக் காட்டிலும், எந்த வாரத்தில் எதை எரிக்கலாம் என்று அறிந்திருந்த அந்த முதியவர்களே காட்டை நன்றாக நிர்வகித்தவர்கள் என்பது என் கருத்து.

கிழக்கே ஜேம்ஸ் விரிகுடாப் பகுதியில் நிலம் சுமார் 300 குடும்ப வேட்டைப் பரப்புகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. எந்த ஏரியில் இந்த ஆண்டு பீவர் பிடிக்கலாம், எதைச் சில ஆண்டுகள் ஓய்வில் விட வேண்டும் என்று முடிவு செய்பவர் அவரே; அந்த அதிகாரம் அவருக்குக் கிடைப்பது அந்நிலத்தில் பல்லாண்டுகள் நடந்து பெற்ற அறிவினால்.

1971இல் கியூபெக் மாநில முதல்வர் ராபர்ட் பூராசா ஜேம்ஸ் விரிகுடா நீர்மின் திட்டத்தை அறிவித்தபோது இவர்கள் யாரையும் கேட்கவில்லை. 1973 நவம்பரில் நீதிபதி ஆல்பர்ட் மலூஃப் பணிகளை நிறுத்த உத்தரவிட்டார். ஒரே வாரத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை விலக்கியது. 1975இல் கிரீ மக்களுக்கும் அரசுக்கும் இடையே உடன்படிக்கை கையெழுத்தானது. நிலத்தின் பெரும்பகுதியில் உரிமை போயிற்று; வேட்டைக்கும் மீன்பிடிப்புக்குமான உரிமைகள் எழுத்தில் வந்தன; காட்டில் தங்கி வேட்டையாடும் குடும்பங்களுக்கு அங்கே கழித்த நாள்களைக் கணக்கிட்டு வருமானம் வழங்கும் திட்டமும் அதிலிருந்தே பிறந்தது.

ஆனால் கரைக்கு நேர்ந்ததை எந்த உடன்படிக்கையும் சரிசெய்ய இயலவில்லை. அங்கே மின்சாரத் தேவை உச்சத்தை அடைவது வீடுகளைச் சூடேற்ற வேண்டிய குளிர்காலத்தில். அதனால் நீர்த்தேக்கம் இலையுதிர் காலம்வரை நிரப்பப்பட்டு, பனி மூடிய பிறகு வடிக்கப்படுகிறது. இயற்கையான ஏரியோ வசந்தத்தில் உயர்ந்து குளிரில் ஏறக்குறைய அசையாமல் கிடக்கும். அந்த ஒழுங்கை நம்பித்தான் பீவர் தன் வீட்டின் வாசலை நீருக்கடியில் அமைத்து, குளிருக்கான கிளைகளை அருகில் அமிழ்த்தி வைக்கிறது. நடுக்குளிரில் நீர் இறங்கினால் வாசல் வெளியே தெரியும், அல்லது உறையும். உள்ளே இருப்பது சாகும். ஆழமற்ற இடத்தில் ஒயிட்ஃபிஷ் இட்ட முட்டைகளும் அவ்வாறே அழியும். கரையோரப் பனிக்கட்டி அடியில் நீரின்றித் தொங்கி நிற்பதால் அதன்மேல் வண்டியில் போவோருக்கு உயிராபத்து. மூழ்கிய மண்ணிலும் மரங்களிலும் இருந்த பாதரசம் நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறி, பெரிய மீன்களின் உடலில் சேர்ந்தது. அதனால் 1980களில் கிரீ மக்களுக்குத் தங்கள் முதன்மை உணவுகளில் ஒன்றான மீனைக் குறைத்துக்கொள்ளும்படி அறிவுரை வழங்கப்பட்டது.

மனிடோபா மாநிலத்தில் மின் உற்பத்திக்காகச் சர்ச்சில் ஆற்றைத் திருப்பியபோது, 1976இல் சதர்ன் இந்தியன் ஏரியின் மட்டம் சுமார் 3 மீட்டர் உயர்த்தப்பட்டது. உறைமண் கரைகள் கரைந்து சரிந்தன. பெயர்பெற்ற மீன்பிடித் தொழில் தளர்ந்தது. 1977இல் ஐந்து கிரீ சமூகங்களுடன் இழப்பீட்டு உடன்படிக்கை ஏற்பட்டபோது, அந்த ஏரிக்கரையிலேயே வாழ்ந்தவர்கள் தனிச் சமூகமாக ஏற்கப்படாததால் தனித் தரப்பாகச் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு அந்த அங்கீகாரம் கிடைத்தது 2005இல்.

நம் பக்கத்துக் குளங்களின் உள்வாயை, அதாவது நீர் பரவி நிற்கும் உட்பரப்பை, அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. தண்ணீர் வற்றத் தொடங்கினால் கரம்பை அள்ளுபவர், ஆடு மேய்ப்பவர், வெள்ளரி போடுபவர், கோரை அறுப்பவர், மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் என்று எத்தனையோ பேருக்கு அது வேலைநிலம். பதிவேட்டில் அது வெறும் நீர்நிலைப் புறம்போக்கு. பாபநாசம் அணை தேக்கிவைக்கும் காரையாறு நீர்த்தேக்கத்துக்கு அப்பால் இஞ்சிக்குழியில் இருக்கும் காணி பழங்குடிக் குடும்பங்களுக்கும் 143 அடிக் கணக்கு, விதைப்பைப் பற்றியதாக அல்லாமல் வழியைப் பற்றியதாகவே இருக்கும்.

கியூபெக்கின் மரவெட்டு விதிகள் ஏரிக்கரையில் 20 மீட்டர் அகலத்துக்கு மரங்களை விட்டுவைக்கச் சொல்லின. வரைபடம் வரைபவருக்கு அது போதும். கரையை நம்பியிருக்கும் விலங்குக்கும் மனிதனுக்கும் போதாது. 2002இல் கிரீ மக்களுடன் மாநில அரசு செய்துகொண்ட ஒப்பந்தம் ஒவ்வொரு வேட்டைப் பரப்பிலும் 1 சதவீதத்தைச் சிறப்பிடங்களாகவும், 25 சதவீதத்தை விலங்குகளின் நலன் கருதி மென்மையாக வெட்டப்பட வேண்டிய காடாகவும் ஒதுக்கியது. சதவீதத்தைவிட, அந்த இடங்கள் எவை என்று தீர்மானிப்பதில் நிலத்தின் பொறுப்பாளருக்குச் சொல்லுரிமை இருப்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். எனினும் பிணக்கு முடிந்துவிடவில்லை. 2015இல் பிராட்பேக் ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஒரு பகுதியைப் பாதுகாக்க ஒப்பந்தம் ஏற்பட்டபோது, வஸ்வனிபி என்னும் கிரீ ஊரார் தங்கள் பரப்பில் வெட்டப்படாமல் எஞ்சியிருக்கும் காடு அதில் போதிய அளவு அடங்கவில்லை என்று அப்போதே குறை தெரிவித்தார்கள்.