ஆஸ்க், கொஸ்டின், இன்டராகேட்

அகராதியில் இந்த மூன்றுக்கும் பக்கத்துப் பக்கத்து அர்த்தம்தான் போட்டிருக்கும். ஆனால் லேட்டாக வீட்டுக்கு வந்த தம்பியிடம் 'எங்கேடா போயிருந்த?' என்றால் ஆஸ்க், அதையே அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திருப்பித் திருப்பிக் கேட்டால் கொஸ்டின், போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்துக் கேட்டால் இன்டராகேட்.

இதற்குப் பாதிக் காரணம் 1066. பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸில் போரில் ஜெயித்ததும் அரண்மனையிலும் கோர்ட்டிலும் பிரெஞ்சு வந்து உட்கார்ந்துகொண்டது, சர்ச்சிலும் படிப்பிலும் ஏற்கெனவே லத்தீன், பழைய ஆங்கிலத்துக்கு வயலும் அடுப்படியும். பின்னால் மூன்றும் கலந்தபோது ஒரே வேலைக்கு மூன்று சொல் மிஞ்சியது. ஆளுக்கொரு மரியாதை கொடுத்து வைத்துக்கொண்டார்கள். கிங்லி, ராயல், ரீகல் எல்லாம் அப்படித்தான். நம் வீட்டுச் சோறு பந்தியில் சாதமாகிவிடுகிற மாதிரி.

கோர்ட் விஷயம்தான் வேடிக்கை. 1362-ல் இனி ஆங்கிலத்தில்தான் வாதாட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள், அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில் எழுதினார்கள்! யாருக்கும் எதையும் விட மனசில்லாமல் 'வில் அண்ட் டெஸ்டமென்ட்' என்று பழைய ஆங்கிலச் சொல்லையும் லத்தீன் சொல்லையும் சேர்த்தே எழுதும் வழக்கம் இன்னும் போகவில்லை. (நம்ம உயில் அந்த வில்லிலிருந்து வந்ததுதான்.)

மேய்த்தவன் ஆங்கிலேயன், அதனால் கவ். தின்றவன் பிரெஞ்சுக்காரன், அதனால் பீஃப் என்று ஒரு கதை சொல்வார்கள். எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. உயிரோடு நிற்கிற மாட்டையும் பீஃப் என்று பல நூற்றாண்டுகள் சொல்லியிருக்கிறார்கள், பீவ்ஸ் என்று பன்மைகூட உண்டு, கறாராகப் பிரிந்தது ரொம்பப் பின்னால்தான். மட்டன் பிரெஞ்சில் செம்மறியாடு, நம்மூர் பிரியாணிக்குள் பெரும்பாலும் வெள்ளாடு, அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

கவலைப்பட வேண்டியது டவுட் விஷயத்தில். நமக்குப் புரியாததும் சந்தேகம், நம்பாததும் சந்தேகம், அதனால் இரண்டுக்கும் ஒரே டவுட். லண்டன் மேனேஜருக்கு 'ஐ ஹேவ் எ டவுட்' என்று மெயில் போட்டால், நாம் விளக்கம் கேட்கிறோம் என்று அவர் நினைக்க மாட்டார், தன் பிளானில் நமக்கு நம்பிக்கை இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். அங்கே கொஸ்டின் என்று எழுதுங்கள். வகுப்பில் சாரிடம் தாராளமாக டவுட்டே கேட்கலாம்.